எட்டுப் பெட்டியைப் பதினொன்றாக்கினேன்

ஆணியைப் பிடுங்கும் சத்தம் இருக்கிறதே, அது அடிக்கும் சத்தத்தைவிட மோசமானது. அடிக்கும்போது ஒரு தாளம் இருக்கும், வேலை முடிகிறது என்ற நிம்மதி இருக்கும். கடப்பாரை நுனியைப் பலகைக்கு அடியில் கொடுத்து நெம்பினால் பல் கூசும்படி ஒரு கீச்சல் வரும். பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு தகரக் கொட்டகைக் கிடங்கில், ஒரு மார்கழி மாத மத்தியானம் முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கட்டி முடித்து, மூடி அறைந்து, முத்திரையும் குத்தி அடுக்கியிருந்த எட்டு மரப்பெட்டிகளைப் பேக்கிங் அண்ணன் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பிரிக்கச் சொன்னது நான்.

என் வேலையைப் பற்றிச் சொன்னால் சொந்தக்காரர்கள் பாதிப் பேருக்குப் புரியாது. நாவலூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் எங்கள் அலுவலகம். சண்டையிலும் பூகம்பத்திலும் வறட்சியிலும் மாட்டிக்கொண்ட நாடுகளுக்கு வேண்டியதை வாங்கி அனுப்புகிறோம். அங்கே ஆஸ்பத்திரி இருக்கும், டாக்டர் இருப்பார், உதவி செய்ய எங்கோ ஒரு நன்கொடையாளரும் இருப்பார். ஆனால் டெண்டர் விட்டு, பொருளைச் சோதித்து, கட்டி, ஏற்றி, அது போய்ச் சேரும்வரை பின்னாலேயே ஓடுவதற்கு ஆள் இருக்காது. அந்த ஓட்டம்தான் என் உத்தியோகம். ஒரு கல்யாண வீட்டில் என் நாத்தனார் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ ஷாப்பிங் பண்றதுக்குச் சம்பளம் தர்றாங்கன்னு சொல்லுங்க அண்ணி” என்றாள். சிரித்துவிட்டு நகர்ந்தேன். வேறென்ன செய்வது? அவள் சொன்னது ரொம்பத் தப்பும் இல்லை.

பேக்கிங் அண்ணன் முடிச்சூர்க்காரர். அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. எங்களுக்குப் பொருள் தரும் கம்பெனிக்காரர்கள் தங்கள் சரக்கைக் கொண்டுவந்து கிடங்கில் இறக்கிவிட்டுப் போவார்கள். அதையெல்லாம் ஒன்றுசேர்த்து, பெட்டி அடித்து, விமானத்துக்குத் தயாராக்குவது அவருடைய காண்ட்ராக்ட். கூட இரண்டு ஆட்கள். இங்கிலீஷில் எண்களும் அம்புக்குறியும் தவிர வேறெதுவும் படிக்கமாட்டார். ஆனால் பெட்டி அடிப்பதற்கு முன்னால் ஆயிரம் கேள்வி கேட்பார். இதை யார் திறப்பார்கள், ஆம்பளையா பொம்பளையா, அங்கே கிரேன் உண்டா, கையால்தான் தூக்குவார்களா, மழை பெய்யுமா, பனியா. திறப்பது பெண்கள் என்றால் ஆணிக்குப் பதில் திருகாணி போடுவார். கையால் தூக்குவார்கள் என்றால் பக்கவாட்டில் கயிற்றுப் பிடி வைப்பார். டெண்டரில் எழுதியிருப்பதைச் செய்துவிட்டுப் போகவேண்டியதுதானே, இவருக்கு எதற்கு இவ்வளவு விசாரணை என்று எனக்கு எரிச்சலாக வரும். போன் எடுத்தால் பத்து நிமிஷம் போய்விடும்.

அந்தச் சரக்கு எட்டு வார்மர்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தையைக் கிடத்திச் சூடு கொடுக்கும் படுக்கை. பெரிய ஆஸ்பத்திரிகளில் பார்த்திருப்பீர்கள். மலை நாடு ஒன்றில் சண்டைக்குப் பிறகு மின்சார நிலையம் படுத்துவிட்டது. ஒரு சிறு நகரத்தின் ஆஸ்பத்திரி ஜெனரேட்டரை நம்பி ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்த தலைமை நர்ஸ் என் போன் நம்பரை எப்படியோ வாங்கிவிட்டார். தினமும் காலையில் ஒரு வரிச் செய்தி வரும், என்னைத்தான் சிஸ்டர் என்பார். சிஸ்டர், இன்று மைனஸ் ஆறு டிகிரி. சிஸ்டர், இன்று மைனஸ் ஒன்பது. அவ்வளவுதான், வேறு கேள்வி இருக்காது. முடிச்சூரில் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் ஃபேன் போட்டுக்கொண்டு காபி குடிக்கிற நேரத்தில் அதைப் படிப்பேன். விரைவில் வரும் என்று பதில் போடுவேன். ‘விரைவில்’ என்ற சொல்லை, சரக்குச் சேர எடுத்த அந்த ஆறு வாரத்தில் நான் எழுதியதுபோல யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

வார்மர் ஒரு கம்பெனியிலிருந்து வந்தது. ஜெனரேட்டர் கரண்ட் ஏறி இறங்கும் என்பதால் ஸ்டெபிலைசர் வேண்டும். அது வேறு கம்பெனி. அந்த நாட்டின் பிளக் வேறு மாதிரி என்பதால் வயர்களைத் தனியாக வாங்கினோம். அது மூன்றாவது கம்பெனி. மெத்தையும், குழந்தையின் வயிற்றில் ஒட்டும் சென்சாரும் நான்காவது இடம். நான்கு இடத்துச் சரக்கும் கிடங்குக்கு வந்து சேர்வதற்குள் என் மண்டை காய்ந்துவிட்டது. ஒரு கையெழுத்துக்காக ஒரு வாரம் போனது. வெளிநாட்டில் எங்கள் தலைமை அலுவலகத்தில் கையெழுத்துப் போடவேண்டியவர் பனிச்சறுக்கு விளையாடப் போயிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அந்தப் பக்கம் பனியில் குழந்தைகள், இந்தப் பக்கம் அதே பனியில் இவர். கோபத்தில் அன்று மதியம் சாப்பிடவே இல்லை. யாரிடம் காட்டுவது அந்தக் கோபத்தை?

காட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்தார். மறுநாள் இன்ஸ்பெக்‌ஷன் என்பதால் ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம் என்று கிடங்குக்குப் போனேன். எட்டுப் பெட்டி தயாராக நின்றது. நான் அனுப்பிய பேக்கிங் லிஸ்டில் பதினோரு பெட்டி. ஒன்று முதல் எட்டு வரை வார்மர், ஒன்பதில் ஸ்டெபிலைசர் எல்லாம், பத்தில் வயர் எல்லாம், பதினொன்றில் மெத்தையும் சென்சாரும். ஆர்டரில் எந்த வரிசையில் பொருள் எழுதியிருக்கிறதோ அதே வரிசையில், ஒரே மாதிரிப் பொருள் ஒரே பெட்டியில் இருக்கவேண்டும் என்பது எங்கள் விதி. இன்ஸ்பெக்டர் வந்து லிஸ்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக டிக் அடிப்பார். ஒன்பதாம் பெட்டி என்று எழுதியிருக்கிற இடத்தில் ஒன்பதாம் பெட்டியே இல்லையென்றால் தவறு என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அதற்கு முந்தின மாதம்தான் வேறொரு சரக்கில் என் பெயருக்கு அப்படி ஒரு தவறு விழுந்திருந்தது. இன்னொன்று விழுந்தால் அடுத்த வருஷம் என் வேலைக் காண்ட்ராக்டைப் புதுப்பிப்பார்களா என்ற பயம் எனக்கு. அதையும் மறைப்பதற்கில்லை.

அண்ணன் என்ன செய்திருந்தார் என்றால், ஒரு பெட்டிக்குள் ஒரு வார்மர், அதற்கான ஒரு ஸ்டெபிலைசர், ஒரு வயர், ஒரு மெத்தை, ஒரு சென்சார் என்று எட்டையும் தனித்தனியாக முழுசாகக் கட்டியிருந்தார். ஸ்டெபிலைசர் ஆடாமல் இருக்க வார்மரின் காலுக்கிடையில் சிறு பலகைத் தடுப்பு அடித்திருந்தார். வயரை மெத்தைக்குள் சுற்றி வைத்திருந்தார். பார்த்துப் பார்த்துச் செய்த வேலை என்பது எனக்கே தெரிந்தது. தெரிந்ததால்தான் இன்னும் ஆத்திரம் வந்தது. யாரைக் கேட்டு மாற்றினீர்கள் என்று சத்தம் போட்டேன். கூட இருந்த இரண்டு ஆட்களும் வெளியே போய் நின்றுகொண்டார்கள். அவர் முகம் சுருங்கவில்லை. தோளில் கிடந்த துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

“வெள்ளத்தப்போ எங்க தெருவுக்கு பூரா ரொட்டி வந்துச்சு மேடம். பின்னாடி தெருவுக்கு பூரா தண்ணி பாட்டிலு. நடுவுல கழுத்தளவு வெள்ளம். ரொட்டிய கையில வெச்சிகினு தொண்டைல எறங்காம குந்திகினு இருந்தோம். அத்தொட்டுதான் இப்டி கட்னேன். எந்தப் பொட்டி போனாலும் ஒரு கொயந்தைக்கு ஆவும்ல?”

இன்றைக்கு எழுதும்போது எவ்வளவு தெளிவாக இருக்கிறது! அன்றைக்கு அது என் காதில் ஏறவே இல்லை. முடிச்சூர் மூழ்கியபோது நான் அங்கே இல்லை. அதற்குப் பிறகு வயல் மண்ணை மேடாக்கிக் கட்டிய ஃபிளாட்டில், ‘இங்கே தண்ணி வராது’ என்று புரோக்கர் சத்தியம் செய்ததை நம்பிக் குடிவந்தவள். கழுத்தளவு வெள்ளம் எனக்குச் செய்தித்தாள் படம்தான்.

“அண்ணா, கதையை அப்புறம் கேக்கறேன். லிஸ்ட்ல எப்படி இருக்கோ அப்படிக் கட்டுங்க. நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன்” என்றேன்.

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். எதிர்த்துப் பேசுவார், நானும் பதிலுக்குக் கத்தலாம் என்று எதிர்பார்த்தேன். அவர் கடப்பாரையை எடுத்தார். பிடுங்கிய ஆணிகளைக்கூட வளைந்தது, வளையாதது என்று பிரித்து இரண்டு டப்பாவில் போட்டார். வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறாரோ என்று கடுப்புடன் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது சாய்வதற்குள் எட்டுப் பெட்டியும் பதினொன்றாகிவிட்டது. மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்து பதினோரு டிக் அடித்து, “வெரி நீட்” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்த ரிப்போர்ட்டைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும்போது கூடவே ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டு அனுப்பினேன். நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

விமானம் அந்த நாட்டுத் தலைநகர்வரை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து மலை நகரத்துக்குச் சின்ன நிவாரண விமானம், வாரத்துக்கு ஒன்று. பதினோரு பெட்டிக்கும் அதில் இடமில்லை. ஏற்றுகிறவர் லிஸ்டைப் பார்த்தார். வார்மர் என்று எழுதிய எட்டையும் ஏற்றிவிட்டு, ‘துணைப் பொருட்கள்’ என்று எழுதிய மூன்றையும் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நிறுத்திவைத்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன். துணைப் பொருட்கள் என்று லிஸ்டில் எழுதியது நான். அடுத்த வாரம் அந்தப் பக்கம் மறுபடி சண்டை மூண்டது, விமானதளத்தை மூடினார்கள். சாலையைப் பனி அதற்கு முன்பே மூடியிருந்தது.

நர்ஸிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. சுவரோரமாக எட்டு வார்மர்கள் வரிசையாக நிற்கின்றன. புத்தம் புதுசு, பாலித்தீன் உறைகூடக் கழற்றவில்லை. அதே அறையில் கட்டிலுக்கு இரண்டு குழந்தையாகக் கம்பளியில் சுற்றி, பக்கத்தில் வெந்நீர் பாட்டில்களை அடுக்கிவைத்திருக்கிறார்கள். கீழே ஒரே வரி: சிஸ்டர், வயர் எங்கே?

அன்று ஆறாவது மாடியில் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். அழுது முடித்துவிட்டு வந்து நாலு பக்கமும் போன் அடித்தேன். ஹெலிகாப்டர் கிடைக்குமா என்றேன், ராணுவத்தைக் கேட்கலாமா என்றேன், பக்கத்து நாட்டு வழியாகக் கழுதைமேல் வைத்தாவது அனுப்பலாமா என்றேன். எல்லோரும் மிக மரியாதையாகப் பேசினார்கள். அது ‘பரிசீலனையில்’ இருப்பதாகச் சொன்னார்கள். இதற்கிடையில் அந்த ஊர் எலக்ட்ரீசியன் ஒருவர் பழைய டி.வி. வயரை வெட்டி ஒரு வார்மருக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். ஸ்டெபிலைசர் இல்லை அல்லவா, ஜெனரேட்டர் ஒரு தடவை எகிறியதும் உள்ளே இருந்த போர்டு கருகிவிட்டது. குழந்தை மேலே இருந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மீதி ஏழையும் யாரும் தொடக்கூடாது என்று பெரிய டாக்டர் உத்தரவு போட்டுவிட்டார். அவர் நிலையில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மூன்று பெட்டிகளும் போய்ச் சேர்ந்தபோது அங்கே பனி உருக ஆரம்பித்திருந்தது. அதற்குள் எத்தனை குழந்தைகள் என்று நர்ஸ் ஒரு தடவை எழுதினார். நான் கேட்காமலே எழுதினார். அந்த எண்ணை நான் யாரிடமும் சொன்னதில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை. அதோடு காலைச் செய்தி நின்றுவிட்டது. எங்கள் அலுவலகக் கோப்பில் அந்தச் சரக்கு ‘முழுமையாக ஒப்படைக்கப்பட்டது’ என்று முடிந்திருக்கிறது. அது பொய்யும் இல்லை.

பொய் சொன்னது நான். அடுத்த சரக்குக்காகக் கிடங்குக்குப் போனபோது அண்ணன் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டார். கொயந்தைங்க பொட்டி போய்ச் சேந்துச்சா மேடம் என்றார். சேர்ந்துடுச்சு அண்ணா என்றேன். எட்டு மெஷினுமா என்றார். எட்டும்தான் என்றேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை, மொத்தமும் பொய். அவருக்கு முகமெல்லாம் பூரித்துவிட்டது. வெளியே போய் எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கிவந்தார். அந்த வடையை நான் தின்றேன் என்பதுதான் இன்றுவரை என்னால் செரிக்கமுடியாத விஷயம். அதன்பிறகு அவர் தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார், எங்கோ பனி நாட்டில் தான் கட்டிய பெட்டியால் எட்டுக் குழந்தை பிழைத்தது என்று. பிறகு சில வருஷங்கள் எங்களுக்குக் கட்டினார். லிஸ்ட் எப்படியோ அப்படியே கட்டினார், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேள்வி கேட்காத அண்ணனோடு வேலை செய்வது சுலபமாக இருந்தது. அந்தச் சுலபமே எனக்குப் பிடிக்காமல் போனது.

நான் சும்மா இருந்துவிட்டேன் என்றும் நினைக்கவேண்டாம். எந்தப் பெட்டி போனாலும் அது தனியாக வேலைக்கு ஆகும்படி கட்டவேண்டும், விதியை மாற்றுங்கள் என்று தலைமை அலுவலகத்துக்கு நாலு தடவை எழுதினேன். முதல் தடவை, அருமையான யோசனை, நன்றி என்று பதில் வந்தது. இரண்டாம் தடவை, இதை ஒரு ஸ்லைடாகப் போட்டுத் தரமுடியுமா என்றார்கள். போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் தடவை ஒரு குழு அமைத்து என்னையே அதில் உறுப்பினராக்கினார்கள்; குழு இரண்டு முறை கூடியது, இரண்டு முறையும் அடுத்த கூட்டத்துக்குத் தேதி முடிவு செய்தது. நாலாம் தடவை எழுதியதற்கு, அப்படிக் கட்டினால் இன்ஸ்பெக்‌ஷன் படிவத்தை மாற்றவேண்டிவரும், அது வேறு துறை என்று சொல்லிவிட்டார்கள். போங்கப்பா என்று விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்பதை எவ்வளவு எளிதாக எழுதுகிறேன் பாருங்கள்.

பிறகு அந்தக் கிடங்கை இடித்துவிட்டு அப்பார்ட்மெண்ட் கட்டினார்கள். இடுப்புப் பிடித்துக்கொண்டதால் அண்ணன் தொழிலை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடந்துபோகிற தூரம்தான். போகவில்லை.

இந்தப் பொங்கலுக்கு முந்தின நாள் நாவலூரிலிருந்து வந்து பெருங்களத்தூரில் இறங்கினேன். தெற்கே போகிற கூட்டம் ரோட்டையே அடைத்துக்கொண்டு நின்றது. சாயங்கால வெயிலில், பைகளுக்கு நடுவில், யாரோ மேடம் மேடம் என்று கூப்பிட்டார்கள். அண்ணன்தான். இளைத்திருந்தார், இடுப்பில் பெல்ட். மகள் வீட்டுக்கு விழுப்புரம் போவதாகச் சொன்னார். பக்கத்திலிருந்த மனைவியிடம் என்னைக் காட்டினார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, கொயந்தைங்களுக்குப் பொட்டி அனுப்ன மேடமா நீங்க, இவரு சொல்லாத நாளே இல்ல என்றார். அந்தக் கை சூடாக இருந்தது. அதற்கு மேல் என்னால் தாங்கமுடியவில்லை.

சொல்லிவிட்டேன். அந்தச் சந்தடியில், ஹாரன் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, எட்டு வார்மர் போனதையும் வயர் போகாததையும் பனி உருகியதையும் சொன்னேன். அவர் கட்டியபடியே விட்டிருந்தால் எட்டும் வேலை செய்திருக்கும் என்றும் சொன்னேன். அந்த அம்மா மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டார். அண்ணன் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவேண்டும் என்றுதான் நின்றேன். இத்தனை வருஷமாக ஒருத்தர்கூட என்னைத் திட்டவில்லை.

“நீங்க இன்னா மேடம் பண்ணுவீங்க, ஒங்களுக்கு லிஸ்ட்டு. எனக்குத்தான் தெரியும்ல? தெரிஞ்சிகினே பிரிச்சேனே நானு” என்றார்.

உங்கள் மேல் தப்பில்லை அண்ணா என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. எட்டுக் குழந்தை என்று தெருவெல்லாம் சொன்ன மனுஷன், தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் அவரிடமிருந்து நான்தான் பிடுங்கிக்கொண்டேன். பிறகு தலையை நிமிர்த்தினார்.

“இப்போ எப்டி கட்றாங்க?”

அன்று காலையில்தான் ஒரு சரக்குக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தேன். வேறொரு நாடு, வேறொரு ஆஸ்பத்திரி. மெஷின் ஒரு பெட்டி, வயர் ஒரு பெட்டி.

“லிஸ்ட் படிதான் அண்ணா” என்றேன்.

விழுப்புரம் பஸ் வந்தது. மனைவியை முதலில் ஏற்றிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஏறினார். அந்தக் கூட்டத்திலும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது அவருக்கு. பஸ் கிளம்பும்வரை நான் கீழேயே நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.